கட்டுக்கம்பியும் வேப்பங்குச்சியும்

மார்ச் இரண்டாம் வாரம், காலை ஆறரை மணி. எதிர்வீட்டு மொட்டைமாடியில் தூண்களின் கம்பிகள் நீட்டிக்கொண்டு நின்றன. தாம்பரத்தைச் சுற்றிக் குடியிருப்பவர்களுக்கு இந்தக் கம்பிகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கையில் இருக்கும் காசுக்குத் தரைத்தளத்தை முடித்துவிட்டு, பிள்ளை வேலைக்குப் போனதும் மேலே எழுப்பிக்கொள்ளலாம் என்று மூன்றடிக் கம்பியை வெளியே விட்டுவைப்பார்கள். சில வீடுகளில் அந்த மாடி வந்துவிடும். சில வீடுகளில் கம்பி இருபது வருடம் துருவேறி நிற்கும். அதன் தலையில் கவிழ்த்த தண்ணீர் பாட்டில் வெயிலில் நொறுங்கிப் போயிருக்கும். சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம் என்று எங்கே மாடியேறி நின்றாலும் கண்ணுக்கெட்டிய தூரம் இந்தக் கம்பிகள்தான்.

அன்று அந்தக் கம்பிகளில் ஒன்றின் மேல் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது. சாம்பல் கழுத்துக் காகம், நம் வீட்டுக் காகம். குனிந்து எதையோ இழுத்துக்கொண்டிருந்தது. முதலில் உணவு என்றுதான் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அது இழுத்தது கட்டுக்கம்பியை. தூண் கம்பிகளையும் அவற்றைச் சுற்றிய வளையங்களையும் சேர்த்து முறுக்கிக் கட்டியிருக்கும் மெல்லிய கம்பி. முறுக்கின் நுனி ஒரு விரல் நீளம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. காகம் அந்த நுனியைக் கவ்வி இடப்பக்கம் மடக்கியது. விட்டுவிட்டு வலப்பக்கம் மடக்கியது. மறுபடி இடப்பக்கம். கட்டுக்கம்பி இளகின இரும்பு. கையால் இப்படியும் அப்படியுமாக நாலைந்து முறை மடக்கினால் மடக்கின இடத்தில் ஒடிந்துபோகும். கம்பி கட்டுகிறவர்களுக்கு இது தெரியும். அந்தக் காகத்துக்கும் தெரிந்திருந்தது.

ஒடிந்த துண்டை உடனே எடுத்துக்கொண்டு பறக்கவில்லை. காலடியில் வைத்து அலகால் பிடி மாற்றியது. ஓரத்தில் பிடித்துத் தூக்கிப் பார்த்தது, மறுமுனை தொங்கியது. கீழே வைத்தது. கொஞ்சம் நகர்ந்து பிடித்தது. மூன்றாம் முறை சரியாக நடுவில் பிடித்தபோது கம்பி இருபக்கமும் சமமாக நின்றது. அப்படியே எழும்பி, தெருமுனைப் பெருங்கொன்றையின் கவட்டைக்குள் போய் மறைந்தது.

இதற்கு முன்னும் காகம் கூடு கட்டிப் பார்த்திருக்கிறேன், எல்லோரும் பார்த்திருப்பது போல. ஆனால் அது பொருள் தேர்ந்தெடுப்பதை அன்றுதான் பார்த்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு மார்ச்சிலும் எனக்கு மாடியில் வேலை இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் குயில் கூவத் தொடங்குவதும் காகம் குச்சி தூக்குவதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நடக்கும். மார்ச்சிலிருந்து ஜூலை வரை பருவம். ஆணும் பெண்ணும் சேர்ந்தே கட்டுகின்றன. காகத்தில் ஆண் எது, பெண் எது என்று பார்வையில் பிரித்தறிய முடியாது. அதனால் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று சொல்லத் துணிய மாட்டேன். ஒன்று பொருளோடு வரும்போது மற்றது கூட்டுக்குள் நின்று வாங்கி வைப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கவட்டை முக்கியம். கிளை இரண்டாகவோ மூன்றாகவோ பிரியும் இடத்தில்தான் முதல் குச்சி. முதல் நாட்களில் வைப்பதில் பாதிக்கு மேல் நழுவிக் கீழே விழும். விழுந்த குச்சியைக் காகம் இறங்கி எடுப்பதை நான் பார்த்ததே இல்லை. மரத்தடியில் கிடக்கும் குச்சிகளைப் பெருக்கித் தள்ளும் தூய்மைப் பணியாளர்தான் மேலே கூடு வருவதை முதலில் அறிகிறவர்.

தரையில் கிடக்கும் சுள்ளி அதற்கு வேண்டாம். காய்ந்த சுள்ளி மடக்கினால் பட்டென்று முறியும். கூட்டின் வளைவுக்கு ஒத்து வராது. காகம் வேம்பில் உட்கார்ந்து, சுண்டுவிரல் பருமனுக்கும் மெலிந்த பக்கக்கிளையைப் பச்சையாகவே ஒடிக்கும். ஒடிக்கும் முன் இழுத்துப் பார்க்கும். சில குச்சிகளைப் பாதி ஒடித்துவிட்டு அப்படியே கைவிட்டுப் போகும். ஏன் என்று எனக்குப் புரிந்ததில்லை. அதன் கணக்கில் ஏதோ ஒன்று உதைத்திருக்கும். கணுவும் பக்கக் கொம்பும் உள்ள குச்சிக்கு மதிப்பு அதிகம். ஆணியும் கயிறும் இல்லாத கட்டுமானம் அது. ஒரு குச்சியின் கொம்பு மற்றொன்றின் கணுவில் மாட்டிக்கொள்வதுதான் அங்கே முடிச்சு.

நாலு வருடங்களுக்கு முன் ஒரு கூட்டைக் கையில் வாங்கும்படி ஆயிற்று. ஏப்ரல் கடைசி. மின்கம்பிகளில் உரசும் கிளைகளை வெட்ட ஆட்கள் வந்திருந்தார்கள். பெருங்கொன்றையில் கூடு இருப்பது எனக்குத் தெரியும். ஓடிப்போய்ச் சொன்னேன். அரிவாளோடு மேலே நின்றவர், “தெரியுது சார். இந்தக் கிளைதான் லைன்ல ஒரசுது. நாங்க என்ன பண்றது?” என்றார். குரலில் வருத்தம் இருந்தது. காகங்கள் இரண்டும் அவர் தலையைச் சுற்றிச் சுற்றி வந்தன. ஐந்தே நிமிடத்தில் அக்கம்பக்கத்துக் காகங்கள் முப்பது நாற்பது கூடிக் கத்தின. அவர் ஒரு கையால் தலையை மறைத்துக்கொண்டு, கூட்டைக் கிளையோடு அறுத்துக் கயிற்றில் இறக்கினார். அவ்வளவு பக்குவமாக இறக்கியும் இரண்டு முட்டைகள் உடைந்துவிட்டன. மிஞ்சியவை இரண்டு. ஒன்று நீலப்பச்சையில் பழுப்புப் புள்ளி, காகத்துடையது. இன்னொன்று கொஞ்சம் சிறியது, சாம்பல் கலந்த பச்சை, செம்பழுப்புத் திட்டுகள். குயிலுடையது.

அடுத்த மரத்தில் கூட்டை வைத்துப் பார்த்தோம். காகங்கள் வந்து சுற்றிவிட்டுப் போயின, உட்காரவில்லை. மூன்றாம் நாள் கூட்டை மாடிக்குக் கொண்டு வந்து, செய்தித்தாளை விரித்து, ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கலைத்துப் போட ஒரு பகல் பிடித்தது.

வெளியிலிருந்து பார்த்தால் குப்பைக் கூளம் மாதிரித்தான் இருந்தது. பிரிக்கப் பிரிக்க அந்த எண்ணம் போய்விட்டது. அடியில் தடித்த வேப்பங்குச்சிகள், கவட்டையின் சாய்வுக்கு ஏற்பக் குறுக்கும் நெடுக்குமாக. அதற்கு மேல் கம்பி வேலை. கட்டுக்கம்பிகள், கேபிள் டிவி வயர் துண்டுகள், துணி மாட்டும் ஹேங்கர் ஒன்று, தோல் உரிந்த மின்வயரின் தாமிர இழைகள். கம்பிகள் ஏனோதானோ என்று கிடக்கவில்லை. வட்டமாக வளைந்து, ஒன்றின் முனை இன்னொன்றின் வளைவுக்குள் செருகியிருந்தது. இழுத்தால் வரவில்லை, திருகித்தான் எடுக்க வேண்டியிருந்தது. கம்பி வளைத்த இடத்தில் அப்படியே நிற்கும். குச்சி நிமிரப் பார்க்கும். இந்த வேறுபாட்டை அறிந்துதான் கூட்டின் விளிம்பு முழுக்கக் கம்பியாகவும், அடித்தளம் குச்சியாகவும் இருந்தது என்று நினைக்கிறேன். பாரம் தாங்கும் இடத்தில் குச்சி, வடிவம் நிற்க வேண்டிய இடத்தில் கம்பி.

உள்ளே போகப் போக எல்லாம் மெலிந்துகொண்டே வந்தன. துடைப்பத்து ஈர்க்குச்சிகள். பூக்கட்டும் வாழைநார். பிறகு தேங்காய் நார், கைநிறைய. அதில் பாதி யாரோ ஒருவர் வீட்டு வாசல் மிதியடியிலிருந்து வந்தது. சிவப்புச் சாயம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. நடுக்கிண்ணத்தில், முட்டை இருந்த இடத்தில், சீப்பிலிருந்து எடுத்துச் சுருட்டி எறிந்த பெண்களின் கூந்தல் முடி. கறுப்பும் நரையும் கலந்து, ஒரு சிம்புகூட உறுத்தாமல், உள்ளங்கை அளவுக்கு மெத்தையாக அமைந்திருந்தது. விரலை வைத்துப் பார்த்தேன். கம்பியின் குளிர்ச்சி அங்கே எட்டவில்லை.

தலை கலைந்திருந்தால் குருவிக்கூடு என்கிறோம். தூக்கணாங்குருவியின் கூட்டை மட்டும் வியந்து பாடப் புத்தகத்தில் படம் போடுகிறோம். காகத்தின் கூட்டை யாரும் பிள்ளைகளை அழைத்துக் காட்டுவதில்லை. தூக்கணாங்குருவி பெரும்பாலும் ஓலைக் கிழிசல், புல் என்று ஒரு வகைப் பொருளில் வேலை செய்கிறது. அதன் நேர்த்தியைக் குறைத்துச் சொல்லவில்லை. காகத்துக்கு ஊர் என்ன கொடுக்கிறதோ அதுதான் பொருள். வருடத்துக்கு வருடம் மாறும் பொருளை வைத்துக்கொண்டு, மாறாத ஒரு வடிவத்துக்கு வந்து சேர்கிறது. இதை நான் பெரிய கைத்திறமை என்றே மதிக்கிறேன்.

ஊர் கொடுத்தது என்ன என்பதற்கு இந்தப் பகுதியே சாட்சி. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் பாரிமுனைப் பக்கமிருந்து தாம்பரத்துக்கு இடம் மாறியபோது அதற்குக் கிடைத்தது பரந்த புதர்க்காடு. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் அங்கே மரம் நட்டு, செடி கொடிகளைத் தேடித் தேடிப் பதிவு செய்தவர். அந்த வளாகத்தில் நடக்கும்போது நான் அண்ணாந்து பார்த்த காகக் கூடுகளில் குச்சிதான் அதிகம். வாசலைத் தாண்டி வேளச்சேரி சாலைக்கு வந்துவிட்டால் கூடுகளில் கம்பி பளபளக்கும். நடுவே ஒரு மதில்தான் இருக்கிறது. காகம் மதிலைப் பார்ப்பதில்லை. ஆனால் அருகில் கிடைப்பதை முதலில் எடுக்கிறது. ஏரிக்கரைப் பனையும் கருவேலும் இருந்த காலத்தில் இந்தத் தெருக்களின் கூடுகள் முழுக்கக் குச்சியாகவே இருந்திருக்க வேண்டும். வயலை மனையாக்கி, மனையை வீடாக்கி, வீட்டை இடித்து அடுக்குமாடியாக்கி வந்த நாற்பது வருடங்களில் இங்கே எப்போதும் எங்கேயாவது கம்பி கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். வெட்டி எறிந்த கட்டுக்கம்பி துண்டுகள் ஜல்லியோடும் மணலோடும் தெருவெல்லாம் கிடக்கின்றன. அதைப் பொறுக்குவதற்கு ஆளே இல்லை, காகத்தைத் தவிர.

குச்சிக் கூடு ஐப்பசி கார்த்திகை மழையில் ஊறி, தைக்குள் உதிர்ந்துவிடும். கம்பிக் கூடு உதிராது. இலையுதிர்ந்த பெருங்கொன்றையில் மூன்று வருடக் கூடுகளை ஒன்றன் கீழ் ஒன்றாகப் பார்த்திருக்கிறேன். பழைய கூட்டில் காகம் மறுபடி குடியேறுவது அரிது. ஆனால் அதிலிருந்து கம்பியை உருவிப் புதுக் கூட்டுக்குக் கொண்டுபோகும்.

இதே கம்பி ரயில்வேக்காரர்களுக்குப் பெரிய தொந்தரவு. 1931லேயே கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. இன்று பாதைக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். அதைத் தாங்கும் இரும்புத் தூணுக்கும் கம்பிக்கும் நடுவில் இருப்பது பீங்கானிலோ அது போன்ற பொருளிலோ செய்த காப்பான் மட்டும்தான். தூணின் மூலைகள் காகத்துக்கு நல்ல கவட்டை. குச்சியில் கட்டிய கூடு என்றால் மழை பெய்து நனையும்வரை பெரிதாக ஒன்றும் ஆகாது. கட்டுக்கம்பி ஒன்று நழுவிக் காப்பானைத் தாண்டித் தொட்டால், மின்சாரம் தூண் வழியாகத் தரைக்குப் பாயும்; துணைமின்நிலையத்தில் இணைப்பு துண்டிக்கப்படும்; காலை நேரத்து வண்டி நடுவழியில் நிற்கும். கூட்டில் இருந்தவை கருகிவிடும். அதனால் பருவம் வந்தால் நீண்ட கழியோடு கூடு கலைப்பது அவர்கள் வேலைகளில் ஒன்று. கலைத்த மறுநாளே அதே தூணில் மறுபடி குச்சி விழும். தாம்பரம் சானடோரியம் நிலைய நடைமேடையில் ரயிலுக்கு நின்ற ஒரு காலையில் இதைப் பார்த்தேன்: கலைந்து தண்டவாளத்தின் மேல் கிடந்த கம்பிகளையே எடுத்து, கலைத்த தூணுக்கே அந்த இணை கொண்டுபோனது. கலைப்பவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. வண்டிக்குள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். முட்டை வரும் முன் கலைத்துவிட வேண்டும் என்றுதான் மனம் அடித்துக்கொள்கிறது. எங்கள் தெருவில் கிளை வெட்ட வருகிறவர்களிடமும் இப்போது மாசியிலேயே சொல்லி வைக்கிறேன். மாசியில் வெட்டினால் ஒரு கூடும் இருக்காது. சித்திரையில் வெட்டினால் கூடு இல்லாத மரம் கிடைப்பது கடினம்.

கம்பி தேடுவது எங்கள் ஊர்க் காகம் மட்டும் இல்லை. டோக்கியோவில் பெரிய அலகுக் காகங்கள் மாடிகளில் உலரும் துணிகளை உதறிவிட்டுக் கம்பி ஹேங்கரை மட்டும் தூக்கிக்கொண்டு போய்க் கூடு கட்டுகின்றன. ரோட்டர்டாமிலும் ஆன்ட்வெர்ப்பிலும் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கின்றன. பறவைகள் உட்காரக் கூடாது என்று கட்டடங்களின் விளிம்பில் ஒட்டும் கூரிய முள்பட்டைகளைப் பிய்த்துக் கூடு கட்டியிருப்பதை நெதர்லாந்து ஆய்வாளர் ஹீம்ஸ்ட்ரா 2023இல் எழுதினார். ரோட்டர்டாமில் அது காகத்தின் கூடு. ஆன்ட்வெர்ப்பில் அதன் உறவான மேக்பையின் கூடு, அதில் மட்டும் சுமார் 1,500 முட்கள். 2002இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வுக்கூடத்தில் பெட்டி என்ற நியூ கலிடோனியக் காகம் நேர்க்கம்பியைக் கொக்கியாக வளைத்து, குழாய்க்குள்ளிருந்த குட்டி வாளியைத் தூக்கியபோது உலகமே வியந்தது. பெட்டிக்குக் கிடைத்த வியப்பில் ஒரு பங்கு எங்கள் தெருக் காகத்துக்கும் சேர வேண்டும். நம் வீட்டுக் காகமும் நாடு சுற்றியதுதான். மலேயாவின் கிள்ளானுக்குக் காப்பித் தோட்டப் புழுக்களைத் தின்ன இலங்கையிலிருந்து அதைக் கொண்டுபோனார்கள், 1890களில். தோட்ட வேலைக்குத் தமிழர்கள் கப்பலேறிய அதே காலம்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தது. மாலைக்குள் தெரு அடையாளம் தெரியாமல் போயிற்று. தூங்குமூஞ்சி, பெருங்கொன்றை, குல்மொகர் என்று மேலோடு வேர்விடும் மரங்கள் வரிசையாகச் சாய்ந்தன. வேம்பு பல இடங்களில் கிளையிழந்து நின்றது. பனை தலையைச் சிலிர்த்துக்கொண்டு நின்றுவிட்டது. டிசம்பர் என்பதால் கூடுகளில் குஞ்சு இல்லை. அந்த ஒன்றுதான் அன்று ஆறுதல். அடுத்த மார்ச்சில் கூடு கட்ட வந்த இணைகளுக்குக் கவட்டை இல்லை. அந்த ஆண்டு நான் பார்த்த கூடுகள்: தெருவிளக்குக் கம்பத்தின் வளைவில் ஒன்று, செல்போன் கோபுரத்தில் மூன்று, ஒரு வீட்டின் ஏசி வெளிப்பெட்டிக்கும் சுவருக்கும் இடையிலான சந்தில் ஒன்று. கோபுரத்துக் கூடுகளுக்கு மேலே ஓர் இலைகூட இல்லை. அக்னி நட்சத்திர வெயிலில் தாய்க்காகம், அல்லது தகப்பன், குஞ்சுகளுக்கு மேல் சிறகை விரித்து, அலகைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டு நண்பகல் முழுக்க நிற்கும். இணை வந்தபின்தான் இடம் மாறும். தொலைநோக்கியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் என் மதியச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

விழுந்த மரங்களுக்கு ஈடாகத் தெருவில் இன்று தலை தூக்கியிருப்பவற்றில் மனிதர் நட்டவை சில. மதில் ஓரத்திலும் சாக்கடை விளிம்பிலும் தானாக வந்த வேம்புகள் பல. வேப்பம்பழம் ஆனி, ஆடியில் பழுக்கும். கூட்டை விட்டு வெளியே வந்த குஞ்சுகளோடு காகங்கள் வேம்பில் அடைந்து கிடக்கும் மாதங்களும் அவைதான். பழத்தைத் தின்று கொட்டையைக் கக்கிப்போட்ட இடமெல்லாம் கன்று. தான் ஒடிக்கப்போகும் குச்சிக்குக் காகம் தானே விதை போடுகிறது. வேம்பு குச்சி தரும் பருவத்துக்கு வரச் சில வருடம் ஆகும். அதற்குள் அந்தக் கன்று இருக்கும் இடத்தில் கார் நிறுத்த யாராவது சிமெண்ட் போடாமல் இருக்க வேண்டும்.

காகத்தோடு நமக்கு உள்ள உறவு சிறியதில்லை. விருந்து வருவதைக் காகம் கரைந்து அறிவித்ததைப் பாடியதால்தான் குறுந்தொகைப் புலவர் நச்செள்ளையாருக்குக் காக்கைபாடினியார் என்ற பேரே நிலைத்தது. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் காகத்தின் நிமித்தங்களுக்கென்று தனி அதிகாரம் எழுதினார். எந்த மரத்தில், எந்தத் திக்கில் கூடு கட்டினால் மழை எப்படி என்பதுகூட அதில் உண்டு. கனுப்பிடிக்கு மஞ்சள் இலையில் வண்ணச் சோறு. அமாவாசைக்கு மதிலில் முதல் பிடி. சனீஸ்வரனுக்கு அதுவே வாகனம். இத்தனை இருந்தும், சோறு உண்ணும் காகத்தைக் கூப்பிடத் தெரிந்த நமக்கு, அது சோற்றைத் தூக்கிக்கொண்டு எங்கே போகிறது என்று திரும்பிப் பார்க்கும் வழக்கம் இல்லாமல் போயிற்று. எனக்கும்தான், நாற்பது வயதுவரை.

கீழ்வீட்டில் குடியிருந்த அம்மா ஒருநாள் பால் பாக்கெட்டோடு பதறிக்கொண்டு வந்தார்கள். “தம்பி, காக்கா தலையில தட்டிட்டுப் போயிடுச்சுப்பா. மனசே சரியில்ல. ஊர்ல அவருக்கு எப்படி இருக்கோ தெரியலையே” என்றார்கள். காகம் தலையில் தட்டினால் ஆகாது என்பது அவர்கள் வளர்ந்த வீட்டுப் பேச்சு. வாசலுக்கு அழைத்துப் போய், வாதுமை மரத்தின் இரண்டாம் அடுக்குக் கிளையைக் காட்டினேன். கம்பி விளிம்புக்கு மேலே மூன்று சிவந்த வாய்கள் திறந்திருந்தன. கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “குஞ்சு இருக்கா? சரி, சரி. பெத்தவளுக்குப் பயம் இருக்காதா?” என்றார்கள். சனிக்கிழமை எள் விளக்கு ஏற்றிவிட்டுத்தான் வந்தார்கள். அதை நான் ஏன் என்று கேட்கவில்லை. குஞ்சுகள் பறக்கும்வரை மூன்று வாரமும் எதிர்ச்சாரியில் நடந்துபோய்ப் பால் வாங்கினார்கள். தெருப் பையன்களையும் அந்தப் பக்கம் பந்து விளையாட விடவில்லை.

மாடியில் பிரித்துப்போட்ட கூட்டில் குயில் முட்டையும் இருந்தது என்றேன். பிறர் வளர்த்தது என்ற பொருளில் வடமொழியில் குயிலுக்குப் பரபிருதம் என்றொரு பேர் உண்டு. அந்தப் பிறர் யார் என்பதைப் பேர் சொல்லவில்லை. குயில் முட்டை 12 முதல் 14 நாளில் பொரியும். காக முட்டைக்கு 16, 17 நாள் வேண்டும். முந்திக்கொண்டு வந்த பிள்ளை முந்திக்கொண்டு வாய் திறக்கிறது. ஆண் குயில் கூட்டருகே வந்து கத்திக் காகங்களை விரட்ட வைக்க, பெண் குயில் அந்த இடைவெளியில் முட்டையிட்டுப் போய்விடும். இதைக் காகத்தின் ஏமாளித்தனம் என்று சொல்லிச் சிரிப்பவர்களோடு எனக்கு ஒட்டுவதில்லை. கூட்டை எத்தனை கவனமாகக் கட்டியிருக்கிறது என்பதைக் குயிலைப் போல அறிந்தவர் யார்? தன் வாரிசை ஒப்படைக்க வானத்தின் கீழ் அது தேர்ந்தெடுத்த இடம் அந்தக் கம்பி விளிம்புக்குள் இருக்கும் முடி மெத்தை.

இரண்டு வருடம் முன்பு ஆடி அமாவாசை. படையல் முடிந்து மாடி மதிலில் இலைத்துண்டில் சோறு வைத்துக் கூப்பிட்டேன். காகம் வந்தது. ஒரு வாய் எடுத்ததும் தின்னாமல் பக்கத்து முருங்கைக்குத் தாவியது. அங்கே கரிய உடம்பும் சிறு அலகுமாக ஒரு குஞ்சு இறக்கையைப் படபடத்துக்கொண்டிருந்தது. குரல் காகக் குஞ்சின் குரல் இல்லை. என் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் வைத்த சோறு குயில் குஞ்சின் வாய்க்குள் போயிற்று. காகம் மறுபடி வந்தது, மறுபடி எடுத்துப் போனது. இலை காலியாகும்வரை அது தனக்கென்று ஒரு பருக்கை எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. நான் இன்னொரு கைப்பிடி கொண்டுவந்து வைத்தேன்.

பிரித்த கூட்டின் பொருட்களை எறிய மனம் வராமல் ஒரு பழைய வாளியில் போட்டுவைத்திருந்தேன். அடுத்த மார்ச்சில் அவற்றை மதில்மேல் பரப்பி வைத்தேன். கூடவே நல்லெண்ணத்தில் நானாகக் கொஞ்சம் பஞ்சும், புது நைலான் கயிற்றுத் துண்டுகளும் வைத்தேன். தேங்காய் நார் முதல் நாளே போய்விட்டது. கம்பிகள் ஒரு வாரத்தில் ஒவ்வொன்றாகப் போயின, ஹேங்கர் கடைசியாக. காய்ந்துபோன வேப்பங்குச்சியை ஒன்றுகூடத் தொடவில்லை. என் நைலான் கயிற்றை ஒரு காகம் எடுத்து, இழுத்து, கீழே போட்டுவிட்டுப் போனது. பிறகு யோசித்தேன். குஞ்சின் காலில் நைலான் சுற்றிக்கொண்டால் தசை இறுகி வீங்கிவிடும். அந்தக் காகம் அதை எண்ணித்தான் விட்டதா, வழுக்கியதால் விட்டதா என்று சொல்ல முடியாது. மறுநாள் நான் அதை எடுத்துவிட்டேன்.

இந்த ஆண்டு எதிர்வீட்டில் மாடி எழும்புகிறது. பத்து வருடம் நின்ற கம்பிகளைத் தேய்த்துத் துருவெடுத்து, புதுக் கம்பியோடு சேர்த்துக் கட்டுகிறார்கள். விழுப்புரம் பக்கத்துக்காரர் மேஸ்திரி. மரப்பிடி போட்ட சின்னக் கொக்கியால் கட்டுக்கம்பியை இரண்டு சுற்று முறுக்கி, இழுத்து விடுகிறார்; ஒரு கட்டுக்கு மூன்று விநாடி. “பழைய கட்டெல்லாம் எங்க சார் போச்சு? ஒண்ணு விட்டு ஒண்ணு அவுந்து கெடக்கு” என்றார். காகத்தைச் சொன்னேன். அவருக்கு அது புதிதாக இல்லை. “எங்க போனாலும் வரும் சார். சாப்பாட்டு நேரத்துல சோத்துக்கு வரும், மத்த நேரத்துல கம்பிக்கு வரும்” என்று சொல்லிக்கொண்டே, வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கையால் கூட்டிச் சாரத்தின் பலகை ஓரத்தில் ஒதுக்கி வைத்தார்.

அவர்கள் டீக்கு இறங்கினதும் காகம் வந்தது. பலகையில் நடந்து நடந்து துண்டுகளைப் பார்த்தது. ஒரு சாண் நீளத் துண்டைத் தூக்கியது. வைத்தது. அதைவிட நீளமான ஒன்றை எடுத்து, ஓரத்தில் பிடித்து, நகர்த்தி, நடுவில் பிடித்து, கம்பி இருபக்கமும் சமமாக நின்றதும் பறந்தது. தெருமுனையில் பெருங்கொன்றை வெட்டுப்பட்ட இடத்துக்குக் கீழிருந்து மூன்று புதுக்கிளை விட்டிருக்கிறது.